பட்டியலில் வராத ஸ்கிரிப்டுகள்

டெல்லி லோதி சாலை, சிஜிஓ வளாகத்திலிருந்து இயங்கும் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான (எஸ்பாம்) வழிகாட்டுதல்களை 2024 அக்டோபரில் வெளியிட்டது. 2025 ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்பு வன்பொருளையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துக்கொண்டது. உட்கூறின் பெயர், பதிப்பு, வழங்குநர், உரிமம், செக்சம் எல்லாம் பட்டியலில் வந்துவிடுகின்றன. ஆனால், அதை பேக்கேஜாகக் கட்டும்போது என்னென்ன ஸ்கிரிப்டுகள் ஓடின என்பதை இந்த விவரங்களை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த ஓட்டையின் அளவு 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது ஏன் என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவை அன்று அம்பலப்படுத்தினார். கிட் களஞ்சியத்தில் இல்லாத எம்4 நிரல் ஒன்று வெளியீட்டு டார்பாலில் (மூல நிரல் பொதியில்) மட்டும் இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது அது, சோதனைக் கோப்பு ஒன்றுக்குள் ஒளித்துவைத்த ஷெல் ஸ்கிரிப்டை வெளியே எடுத்தது. அந்த ஸ்கிரிப்டோ முதலில் இடம் பார்த்தது: 64 பிட் லினக்ஸா, ஜிசிசியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜ் பில்டா? இல்லையென்றால் சத்தமில்லாமல் ஒதுங்கியது. குறி வைக்கப்பட்டது பேக்கேஜ் கட்டுபவரின் இயந்திரம்.

இந்த ஆபத்து நமக்கும் தொலைவில் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் மாயா இயங்குதளம், உபுண்டு வழி வந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் இயங்குதளம், டெபியன் வழி வந்தது. மூலத்தின் பில்டு ஸ்கிரிப்டுகளும் இத்தகைய வழித்தோன்றல்களுக்கு வந்து சேர்கின்றன.

நிறுவும் கட்டத்தில் ஆபத்து இன்னும் நேரடியானது. பேக்கேஜை நிறுவியதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை: 2011-இல் பம்பிள்பீ திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய பாதையின் நடுவே, யுஎஸ்ஆருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. யுஎஸ்ஆர் அடைவு முழுவதும் துடைக்கப்பட்டது. என்பிஎம் உலகில் 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ், ப்ரீஇன்ஸ்டால் வழியாகவே கிரிப்டோ மைனரை இறக்கியது. 2025 ஜனவரியில் வந்த பிஎன்பிஎம் 10, சார்புகளின் ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே ஓட விடுவதில்லை.

அதற்காக ஸ்கிரிப்டே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. டெபியன் ரூல்ஸில் ஓவர்ரைடு எழுதாமல் பிடிவாதமான பேக்கேஜைக் கட்ட முடியாது. ஆனால், பயனர் கணக்கு உருவாக்குவதற்கெல்லாம் ஷெல் வரிகள் எதற்கு? சிஸ்டம்டியின் சிஸ்யூசர்ஸ் கோப்பில் ஒரு வரி போதும். டெபியனின் முதன்மைத் தொகுப்பில் பில்டு நேரத்தில் இணையத்தைத் தொடக் கூடாது என்பது விதி. அரசு அலுவலகங்களுக்குக் கட்டுவோரும் அதைக் கடைப்பிடிக்கலாம். இரு இயந்திரங்களில் கட்டி ஒப்பிடும் மறு உருவாக்கச் சோதனை நல்லதே. ஆனாலும் டார்பாலே கெட்டிருந்தால் இரண்டிலும் ஒரே நஞ்சுதான் வரும். ஆகவே டார்பாலை கிட் டேகோடு ஒப்பிட்டாக வேண்டும்.

செர்ட்-இன் அடுத்த பதிப்பில் ஓர் இணைப்பைக் கேட்கலாம்: பில்டிலும் நிறுவலிலும் ஓடிய ஸ்கிரிப்டுகள், அவற்றின் செக்சம், இணையம் திறந்திருந்ததா என்ற குறிப்பு. பில்டு சர்வரின் லாகிலிருந்தே இதில் பெரும்பகுதியைத் திரட்டிவிடலாம்.