வாந்தி மாத்திரை கீமோவின் பகையன்று

நிணநீர்ப் புற்றுநோயாகிய லிம்போமாவுக்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கீமோ ஏற்றிக்கொண்டு சுவாமிமலை போன்ற ஊர்களுக்குத் திரும்புவோரிடம், வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றும், வாந்தி மாத்திரை அதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்றும், இஞ்சிச் சாறே போதும் என்றும் சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றுகள் ஆராய்ச்சியின் முன் நிற்பவை அல்ல.

முதலாவதாக, வாந்தி சிகிச்சையின் வெற்றிக்கு அடையாளமன்று. கீமோ மருந்துகள் சிறுகுடற் சுவரின் செல்களிலிருந்து செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியேறச் செய்ய, அது வேகஸ் நரம்பைத் தூண்டி மூளையின் வாந்தி மையத்தை எழுப்புகிறது; புற்றுச் செல்கள் அழிவது வேறொரு நிகழ்வு. 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வாந்தித் தடுப்பு மருந்தான ஓண்டான்செட்ரான் செரட்டோனின் ஏற்பிகளை அடைக்கிறதே தவிர, அந்த அழிவைத் தடுப்பதில்லை.

இரண்டாவதாக, சிகிச்சையைக் குலைக்க வல்லது வாந்தியே. லிம்போமாவுக்குப் பெரிதும் வழங்கப்படும் ‘சாப்’ முறையில், ஒவ்வொரு சுற்றிலும் 5 நாள் விழுங்கப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் நிணநீர்ச் செல்களைக் கொல்லும் மருந்தாதலால், அது வாந்தியில் வெளியேறினால் சிகிச்சையின் ஒரு பகுதியே வீணாகிறது. அதே முறையில் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடின் கழிவு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காதிருக்கக் குடிக்க வேண்டிய நீரும் உடலில் தங்குவதில்லை.

மூன்றாவதாக, மருந்துகளுக்கிடையே இடைவினைகள் உண்டென்பது உண்மை; ஆயினும் அவை அளவைக் கணக்கிடுவதற்குக் காரணமாகுமே அன்றி, மாத்திரையைக் கைவிடுவதற்கு ஆகா. அப்ரெபிடண்ட் என்னும் வாந்தித் தடுப்பு மருந்து கல்லீரல் நொதியொன்றைத் தணித்து, உடன் தரப்படும் டெக்சாமெத்தசோனின் இரத்த அளவை ஏறத்தாழ இருமடங்காக்குவதால் அதன் அளவு குறைக்கப்படுகிறது; ‘சாப்’ முறையின் பிரெட்னிசோலோனோ புற்றுநோய் மருந்தாகவே தரப்படுவதால் குறைக்கப்படுவதில்லை. அம்முறையின் மற்றொரு மருந்தான வின்கிரிஸ்டினும் அதே நொதியால் சிதைவதால் நரம்புப் பாதிப்பு கண்காணிக்கப்படுகிறது. வின்கிரிஸ்டினோடு ஓண்டான்செட்ரானும் சேர்ந்து மலச்சிக்கலை மிகுவிப்பதால் அதற்கும் முன்கூட்டியே மருந்து வேண்டும். ஓண்டான்செட்ரான் இதயத்தின் மின்னியக்க இடைவெளியை நீட்டக்கூடியது என்பதால், 32 மில்லிகிராம் ஒற்றை ஊசி அளவு 2012இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. வாந்தியால் பொட்டாசியம் குறைந்தவரிடம் இவ்வாபத்து கூடுமாதலால், வாந்தியை முன்னமே தடுப்பது இதயத்துக்கும் காப்பாகிறது.

நான்காவதாக, இஞ்சி சிலருக்குக் குமட்டலைத் தணிக்கலாம். ஆயினும் கீமோவுக்குப் பின் 5 நாள்வரை நீளக்கூடிய தாமத வாந்திக்கு அது மாற்றாகாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வொன்று, கடும் வாந்தியைத் தூண்டும் கீமோ பெற்றவர்களிடம் வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஒலான்சபின் மருந்து 2.5 மில்லிகிராம் அளவிலேயே 10 மில்லிகிராமுக்கு இணையாகப் பலனளித்து, பகல் தூக்கத்தைக் குறைத்ததைக் காட்டியிருக்கிறது.

ஆகவே, நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எழுதித்தரப்பட்ட வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்குமுன்னரே உரிய வேளையில் விழுங்குவதே சிகிச்சையை முழுமையாக்கும். துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதால் நோய் ஒரு சிறிதும் விரைந்து தீர்வதில்லை.