நாய்க்கும் ஒரு நார்க் கட்டில்

மண்டபத்துப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் சிப்பிப்பாறை நாய் ஒன்று, வயது எட்டு. அதற்காக ஆசை ஆசையாய் ஒரு ஸ்பாஞ்சு மெத்தை வரவழைத்தாராம். நாயோ அதை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, சிமெண்டுத் தரையிலே போய்ப் படுத்துக்கொண்டதாம். "நாய்க்கு மெத்தை வாங்கின வீடு இந்தத் தெருவில் இது ஒன்றுதான்!" என்று வீட்டுக்காரர் பரிகாசம் செய்கிறாராம். அது போகட்டும், நாயின் முன்னங்கால் முட்டில் மயிர் உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.

நாயின் மேல் தப்பில்லை, அம்மா. அதற்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும், குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிவைத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் உடம்பின் சாதாரணச் சூடே 101 முதல் 102.5 டிகிரி. ஸ்பாஞ்சு அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. சித்திரை வைகாசியில் நாமே மெத்தையை விட்டுத் தரைக்கு வந்துவிடுகிறோம் அல்லவா?

அதற்காக, தரையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி ஜாதிகளுக்கு எலும்பின்மேல் சதைப்பற்று வெகு குறைவு, தோலும் மெல்லிசு. கட்டாந்தரையில் அழுந்தி அழுந்தித்தான் முட்டு காய்க்கிறது. (ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். தலை இருந்து என்ன, படுக்கப் பாய் வேண்டாமா!) வெறும் காய்ப்பாக இருக்கிறவரை பயமில்லை. நீர் கோத்து வீங்கினாலோ, வெடித்துப் புண்ணானாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள், கைவைத்தியம் வேண்டாம்.

படுக்கைக்கு வெகுதூரம் போக வேண்டியதே இல்லை. ராமநாதபுரம் பனை விளையும் சீமை. பனை நார்க் கட்டிலில் படுத்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும். கீழேயும் காற்று, மேலேயும் காற்று. கடற்கரை மணலை நாய் எவ்வளவு சுமந்து வந்தாலும் இடுக்கு வழியே உதிர்ந்துவிடும். அதே மாதிரி சின்னதாக ஒன்று பின்னச் சொல்லுங்கள். நாய் காலை நீட்டித் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை அளந்து, அதோடு அரை அடி கூட்டிக்கொண்டால் நீளம் சரியாக இருக்கும். உயரம் நாலைந்து அங்குலம் போதும். எட்டு வயது நாய் ஏறி இறங்க வேண்டுமே! மேலே பழைய நூல் புடவையை நாலாக மடித்து விரியுங்கள். நைலான் புடவை உதவாது. குட்டி நாயானால் நார்க் கட்டிலே வேண்டாம். நாரைக் கடித்து விழுங்கி வைக்கும்.

அந்த ஸ்பாஞ்சு மெத்தையை எறிந்துவிடாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று வீசும்போது, கட்டிலின்மேல் அதைப் போட்டு, அதன்மேல் புடவையை விரித்தால் நாயே தேடி வந்து படுக்கும். வயதான மூட்டுக்கும் இதம். வீட்டுக்காரர் வாயும் அடைபடும்!

ஒரு ஜாக்கிரதை. உப்புக் காற்றில் துணி எப்போதும் கொஞ்சம் நசநசத்துக்கொண்டே இருக்கும். ஈரத் துணியில் படுத்தால் நாய்க்குத் தோல் உபாதை வரலாம். ஆகையால் இரண்டு விரிப்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவையுங்கள்; வெயில் கண்ட அன்றே காயப்போடுங்கள்.

உண்ணி விஷயம் இன்னும் பொல்லாதது. பெண் உண்ணி முட்டையிடுவது நாயின்மேல் அல்ல; சுவர் வெடிப்பிலும் படுக்கை இடுக்கிலும்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மூட்டைப்பூச்சிக்குச் செய்ததுபோல், வாரம் ஒரு முறை கட்டிலின் மூட்டுகளில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி வெயிலில் நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, பாச்சை உருண்டை போடுவது இரண்டும் கூடாது. நாய் நக்கினால் விஷம்.

கட்டில் வந்ததும் நாயைத் தூக்கி அதில் போடாதீர்கள். இப்போது அது விரும்பிப் படுக்கும் இடத்திலேயே போட்டு, நீங்கள் உடுத்திக் களைந்த புடவையைத் துவைக்காமல் மேலே விரித்து வையுங்கள். உங்கள் வாசனை இருக்கிறதல்லவா, இரண்டு மூன்று நாளில் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும்.