படிப்பில் புலி, பந்தாட்டத்தில் எலியா?

கோல் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் போட்டு விட்டார்கள்!

2024–ம் ஆண்டு அக்டோபர் 5–ந் தேதி நடந்தது இது. இடம்: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்டேடியத்துக்குள் திபுதிபுவென்று இறங்கினார்கள். கம்பத்தைச் சாய்த்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஊர்வலம் போனார்கள். கம்பர்லாந்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் தண்ணீருக்குள் தள்ளி விட்டார்கள்.

கலாட்டா அல்ல, கொண்டாட்டம்! நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த அலபாமா அணியை 40–35 என்று வாண்டர்பில்ட் அன்று மண்ணைக் கவ்வ வைத்தது. 1984–க்குப் பிறகு அலபாமாவை அது ஜெயித்ததே கிடையாது. மைதானத்துக்குள் கூட்டம் இறங்கியதற்காக பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அந்த வெற்றிக்கு அது கொசுறு!

வாண்டர்பில்ட் படிப்புக்குப் பேர் போன இடம். அங்கே சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் பந்தாட்டத்தில் சோப்ளாங்கி. 2023–ல் ஆடிய 12 ஆட்டங்களில் 10 தோல்வி. அப்பேர்ப்பட்ட அணி 2025–ல் 10 வெற்றி பெற்றது. அதன் சரித்திரத்தில் இப்படி நடந்ததே இல்லை.

படிக்கிற பல்கலைக்கழகம் பெரிய பந்தாட்டத்தில் மோதி ஜெயிக்க முடியுமா என்று அமெரிக்காவில் 100 வருடமாக வாதம் நடக்கிறது. முடியும் என்று ஆகி விட்டது. அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இனி பார்க்க வேண்டிய கணக்கு.

பெயர்தான் புட்பால்

இது நம் பையன்கள் தெருவில் உதைக்கிற கால்பந்து அல்ல. பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர் ஆள் வந்து இடித்துக் கீழே தள்ளுவான். பக்கத்துக்கு 11 பேர். தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம். பெயர் மட்டும் புட்பால்.

கல்லூரி ஆட்டம்தானே என்று லேசாக நினைத்து விடக்கூடாது. அலபாமா ஸ்டேடியத்தில் 1 லட்சம் பேர் உட்காரலாம். டெலிவிஷன் கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலர் கொடுக்கின்றன. கோச்சின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளம் வராது. சனிக்கிழமை வந்தால் ஊரே திருவிழாதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தைப் பெற்று வளர்த்ததே படிப்பாளிகள்தான். 1869–ம் ஆண்டு நவம்பர் 6–ந் தேதி முதல் ஆட்டத்தில் மோதியவை ரட்கர்சும் பிரின்ஸ்டனும். இன்றைய ஆட்ட விதிகளுக்கு அடித்தளம் போட்ட வால்டர் கேம்ப், யேல் பல்கலைக்கழக ஆசாமி. ஆகவே படிப்புக்கும் பந்துக்கும் ஜாதகம் பொருந்தாது என்ற பேச்சு எடுபடாது.

85–0!

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதையைக் கேட்டால் தலை சுற்றும்.

அங்கே 1892 முதல் 1932 வரை கோச்சாக இருந்தவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். ஒரே இடத்தில் 40 வருடம்! 1905–ல் மிச்சிகன் அணியை 2–0 என்று கவிழ்த்தார்கள். அதற்கு முன் மிச்சிகன் 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலாக 1935–ல் வாங்கியவரும் சிகாகோ மாணவர்தான். ஜே பெர்வாங்கர் என்று பெயர்.

நாலே வருடத்தில் நிலைமை தலைகீழ். 1939–ல் மிச்சிகன் 85–0 என்று சிகாகோவை வெளுத்து வாங்கியது. ஒகயோ ஸ்டேட் 61–0. ஹார்வர்டும் 61–0. தேர்தல் பாஷையில் சொன்னால் டெபாசிட் காலி!

அப்போது பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். 30 வயதிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். 'பல்கலைக்கழகம் படிப்பதற்கு' என்ற கட்சி. மற்றவர்கள் படிப்பில் சுமாரான பையன்களைப் பந்துக்காக இழுத்துக்கொண்டு இருந்த காலம் அது. 'அந்தப் போட்டிக்கு நாம் வேண்டாம்' என்று முடிவு கட்டினார். 1939 டிசம்பரில் புட்பாலையே ஒழித்து விட்டார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். மனுஷன் அசையவில்லை.

சும்மா கிடந்த ஸ்டேடியம் என்ன ஆயிற்று தெரியுமா? அதன் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் விஞ்ஞானி என்ரிகோ பெர்மியும் அவருடைய ஆட்களும் ரகசியமாக ஒரு அணு உலையைக் கட்டினார்கள். 1942–ம் ஆண்டு டிசம்பர் 2–ந் தேதி, மனிதன் கட்டிய உலையில் முதல் அணு தொடர்வினை அங்கேதான் நடந்தது. 85–0 வாங்கிய மைதானம் உலக சரித்திரத்தையே மாற்றி விட்டது! இப்போது அந்த இடத்தில் நிற்பது லைப்ரரி.

1969–ல் சிகாகோ மறுபடியும் ஆட வந்தது. ஆனால் இப்போது ஆடுவது மூன்றாம் பிரிவில்தான். அந்தப் பிரிவில் பந்து ஆடுவதற்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. லட்சம் பேர் கூட்டமும் கிடையாது.

ஹார்வர்டு, யேல் வகையறா 8 பல்கலைக்கழகங்கள் வேறு வழியைப் பிடித்தன. ஆட்டத்தை விடவில்லை, பந்துக்காக ஸ்காலர்ஷிப் தருவது இல்லை என்று 1945–ல் புட்பாலுக்கும், 1954–ல் எல்லா விளையாட்டுக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. கௌரவம் மிஞ்சியது, கோப்பை போயிற்று.

வாசலில்தான் சிக்கல்

படிக்கிற பையனுக்கு உடம்பில் வலு இருக்காது என்பது சுத்தப் பேத்தல். சிக்கல் எல்லாம் அட்மிஷன் ஆபீசில் இருக்கிறது.

'இந்தப் பையன் பிரமாதமாக ஓடுகிறான், சீட் கொடுங்கள்' என்று கோச் கேட்பார். அட்மிஷன் ஆபீஸ் மார்க் ஷீட்டைப் புரட்டும். போதாது என்றால் போதாதுதான். அதே பையன் அடுத்த வாரம் எதிர் அணியில் சேர்ந்து விடுவான். 300 நல்ல ஆட்டக்காரர்களில் பக்கத்து ஊர்க்காரன் யாரை வேண்டுமானாலும் பொறுக்கலாம். இவர்களுக்குத் தேறுவது ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டே சாதித்துக் காட்டியது ஸ்டான்போர்டு. 2006–ல் 12 ஆட்டத்தில் 11 தோல்வி. பிறகு ஜிம் ஹார்பா கோச் ஆனார். 2010 சீசனில் 12 வெற்றி, ஒரே தோல்வி. அவருக்குப் பின் வந்த டேவிட் ஷா 2013, 2016 ஜனவரி மாதங்களில் ரோஸ் பவுல் ஆட்டத்தையும் ஜெயித்தார். நாடு முழுக்கச் சல்லடை போட்டு, மார்க்கும் மஸிலும் சேர்ந்த பையன்களைத் தேடிப் பிடித்தார்கள். 4 வருடம் பொறுமையாக வளர்த்தார்கள்.

அந்த அணியின் நட்சத்திரம் ஆண்ட்ரூ லக். 2011–லேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் இருந்தால் கோடீசுவரர் ஆகி இருப்பார். 'கட்டடக் கலைப் படிப்பை முடித்து விட்டு வருகிறேன்' என்று இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்தார். முழங்கால் போய் இருந்தால்? போகவில்லை. 2012–ல் நாட்டிலேயே முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள். இப்படி ஒரு பிள்ளை எல்லா வீட்டிலும் பிறக்குமா?

விதி மாறியது

2021–ல் ஆட்டத்தின் விதியே மாறி விட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் நடித்துக் காசு பார்க்கலாம். அதற்கு முன் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்தத் தடையும் போயிற்று. 2025 ஜூலையில் இருந்து பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர்!

வருடா வருடம் அணி மாறுகிறார்கள். பொறுமையாக வளர்க்கிற ஸ்டான்போர்டு பாச்சா இதில் பலிக்கவில்லை. வேறு கல்லூரிப் பையன்களை எளிதில் சேர்த்துக்கொள்ளாத இடம் அது. 2021 முதல் 2024 வரை நாலு வருடமும் தலா 9 தோல்வி. கடைசியில் அதே ஆண்ட்ரூ லக்கை ஜெனரல் மானேஜராகக் கூப்பிட்டு உட்கார வைத்து இருக்கிறார்கள்.

வாண்டர்பில்ட் வாசலைத் திறந்து விட்டது. அதன் வெற்றிக்கு நாயகன் டியேகோ பவியா. முதலில் நியூ மெக்சிகோவில் ஒரு ஜூனியர் கல்லூரி, அடுத்து நியூ மெக்சிகோ ஸ்டேட், மூன்றாவதுதான் வாண்டர்பில்ட். ஆடும் வருடங்கள் தீர்ந்து விட்டன என்றார்கள். கோர்ட்டுக்குப் போனார். 2024 டிசம்பரில் நீதிபதியின் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து 2025–லும் ஆடினார். ஹைஸ்மன் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார்.

சபாஷ் போட வேண்டிய ஆட்டக்காரர், சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் 'படிப்பின் வெற்றி' என்று பல்கலைக்கழகக்காரர்கள் மார் தட்டினால் சிரிப்புத்தான் வரும். ஆள் எடுக்கத் தெரிந்தவன் ஜெயித்தான். பணக்காரப் பழைய மாணவர்கள் நிறைந்த இடம் என்பதால் இந்த ஏலத்தில் படிப்பாளிப் பல்கலைக்கழகங்கள் இனி பின்தங்கப் போவதும் இல்லை.

டாக்டர் ஆக வந்தவர்

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பையன் என்ன படிக்கிறான்?

சிகாகோ பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் என்று ஒரு பல்கலைக்கழகம். படிப்பில் முதல் வரிசை. 1979–ல் இருந்து 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டங்களில் தோற்று, ஊர் சிரித்த அணி. 1995–ல் அதே அணி பத்துப் பல்கலைக்கழகங்களை முந்தி சாம்பியன் ஆனது. ஆக, அங்கேயும் 'முடியும்' என்று நிரூபித்து விட்டார்கள்.

2014–ல் அந்த அணியின் முன்னாள் தலைமை ஆட்டக்காரர் கெய்ன் கோல்டர் தொழிலாளர் உறவு வாரியத்தின் முன் சாட்சி சொன்னார். அவர் டாக்டர் ஆக ஆசைப்பட்டு வந்தவர். அதற்குக் கெமிஸ்ட்ரி வகுப்பு வேண்டும். வகுப்பும் காலையில், பந்துப் பயிற்சியும் காலையில். பயிற்சியை விட்டால் ஸ்காலர்ஷிப் போய் விடும் என்ற பயம். வகுப்பைத் தள்ளிப் போட்டார். பின்தங்கினார். கடைசியில் மருத்துவ ஆசையை விட்டு சைக்காலஜி படித்து முடித்தார்.

சீசனில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே போகிறது என்று வாரியத்தின் வட்டார இயக்குனர் கணக்குச் சொன்னார். குமாஸ்தா ஆபீசில் இருக்கிற நேரத்தைவிட ஜாஸ்தி! ஸ்காலர்ஷிப் வாங்கும் ஆட்டக்காரர்கள் 'தொழிலாளிகள்'தான் என்றும் தீர்ப்பு எழுதினார். அவர்கள் முதலில் மாணவர்கள், பெரும்பாலோர் பட்டம் வாங்குகிறார்கள் என்று பல்கலைக்கழகம் வாதாடியது. 2015 ஆகஸ்டில் வாஷிங்டனில் உள்ள தலைமை வாரியம், 'இதில் நாங்கள் தலையிடவில்லை' என்று கைகழுவியது.

பட்டம் வாங்கினார்கள் என்பது சரி. எந்தப் பட்டம்? வந்தபோது கேட்டதா, பயிற்சி நேரத்துக்கு ஒத்து வந்ததா?

இதற்கு நேர்மாறாக ஒரு கதை உண்டு. ப்ளோரிடா ஸ்டேட் பந்துக்குப் பேர் போன இடம். அங்கே மைரன் ரோல் என்ற ஆட்டக்காரர், 2008–ம் ஆண்டு நவம்பர் 22–ந் தேதி ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் நேர்முகத் தேர்வுக்குப் போனார். அன்றே அணிக்கு மேரிலாந்தில் ஆட்டம். தேர்வை முடித்து, ஸ்காலர்ஷிப்பையும் வாங்கிக்கொண்டு, விமானத்தில் பறந்து போய் பாதி ஆட்டத்தில் இறங்கினார். ஆக்ஸ்போர்டில் படித்தார். தொழில்முறை அணிகள் அவரை ஆறாவது சுற்றில்தான் எடுத்தன. 'இவனுக்குப் படிப்பில் அல்லவா கண்' என்று சந்தேகமாம்! அவர் பிறகு மூளை அறுவை சிகிச்சை டாக்டர் ஆகி விட்டார்.

பந்துக்காரப் பல்கலைக்கழகம் ஒரு பையனுக்காக ஆட்டத்தில் பாதியை விட்டுக் கொடுத்தது. படிப்பாளிப் பல்கலைக்கழகம் ஒரு கெமிஸ்ட்ரி வகுப்புக்கு வழி பண்ணவில்லை. எது படிப்பாளி என்று வாசகர்களே சொல்லட்டும்.

தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவன் 100 பேரில் ஒன்றிரண்டு பேர்தான். மீதிப் பேர் 22 வயதில், வலிக்கிற முழங்காலோடு வேலை தேட வேண்டும். வாண்டர்பில்ட், ஸ்டான்போர்டு, நார்த்வெஸ்டர்ன் என்று சீட்டுக்காகப் பெற்றோர் தவம் கிடக்கிற இடங்களின் பெயர் அப்போதுதான் அவனுக்குச் சோறு போடும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கோச்சுகள் வீட்டுக்கு வந்து தாய் தகப்பனிடம் பையனைக் கேட்கிறார்கள்.

2 கோடி டாலர் சம்பளம் எடுத்து வைக்க முடிகிறவர்கள், காலையில் பயிற்சிக்குப் போகிற பையன்களுக்காக சாயங்காலம் 6 மணிக்கு லேபைத் திறந்து வைக்கட்டும். ஒரு வாத்தியார், 20 மேசை, நாலு மின்விளக்கு. செலவு கோச்சின் ஒரு வாரச் சம்பளத்துக்குக்கூட வராது.