ஆந்தைத் தலை, கரடி உடம்பு... ஓடினாலும் விடாது!

காட்டுக்குள் போகிறீர்கள். புதருக்குப் பின்னால் ஓர் உறுமல். எட்டிப் பார்த்தால் கரடி உடம்பு, ஆந்தைத் தலை, கொக்கி மாதிரி அலகு. என்ன செய்வீர்கள்?

இதுதான் ‘அவுல்பேர்’ என்ற ஆந்தைக்கரடி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் புகழ்பெற்ற மிருகம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளிவந்த விளையாட்டு இது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார, ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக மாறி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். அடி விழுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்லும்.

ஆந்தைக்கரடி பிறந்த கதை சுவாரஸ்யமானது. மேஜைப் போருக்கு மிருகங்கள் தேடிய கைகாக்ஸுக்கு, ஹாங்காங்கில் தயாரான மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகள் கிடைத்தன. பையில் ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று போட்டிருந்தாலும், உள்ளே இருந்த சில பொம்மைகள் எந்த டைனோசர் மாதிரியும் இல்லை. அதில் ஒன்றுதான் ஆந்தைக்கரடியாகி, 1975-ல் விதிப்புத்தகத்தில் ஏறியது. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ பிறந்ததும் இதே பொம்மைகளிலிருந்துதான்.

பொம்மைதானே என்று அலட்சியம் வேண்டாம். 2014 பதிப்பின் விதிகளைப் பாருங்கள். இதன் உயிர்ப்புள்ளிகள் 59. நகம் பட்டால் குறைந்தது 7 புள்ளி போகும். சாதாரண உடல்வாகுள்ள புது மந்திரவாதிக்கு இருப்பதே 6! ஒரே அடியில் சுருண்டு விழுவார். தோழர்களோ பகடையோ கைகொடுக்காவிட்டால், ஆசை ஆசையாக உருவாக்கிய கதாபாத்திரத்தின் கதை அதோடு முடிந்தது.

ஓடலாமா? மனிதருக்கு ஒரு சுற்றில் 30 அடி. இதற்கு 40 அடி. துரத்த ஆரம்பித்துவிட்டால் தப்புவது கஷ்டம்.

புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். எதிரே மிருகம் வந்தாலே வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமிலும் குகைக்குள் ஒரு தாய் ஆந்தைக்கரடி, குட்டியோடு நிற்கும். மெல்லப் பின்வாங்கினால் சண்டையே இல்லாமல் வெளியே வந்துவிடலாம்.

உறுமல் கேட்டதுமே, ‘நாங்கள் வேறு வழியில் போகிறோம்’ என்று கதை சொல்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அதுவும் ஆட்டம்தான். மந்திரவாதியும் அடுத்த வாரம் ஆட உயிரோடு இருப்பார்!