கணனியின் காவலை அணைப்பவர் யார்?

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களில் புதிய கணனி ஒன்று வந்திறங்கியதும் அது வீட்டின் இளையவரிடமே ஒப்படைக்கப்படுகின்றது. அவரும் தாய் தந்தையருக்குத் தொல்லை இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்துடன், அனுமதி கேட்கும் அறிவிப்புகளை அணைத்து, பெற்றோரை முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கில் அமர்த்திவிட்டு எழுந்து செல்கின்றார். உதவி என்ற பெயரில் நடைபெறும் இச்செயல், வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டு இனிச் சாவி தேடத் தேவையில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

காவல் இருந்தும் அணைக்கப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதற்கு 2003ஆம் ஆண்டே சான்று. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தினுள் தீச்சுவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆயினும் அது இயங்காத நிலையிலேயே பாவனையாளரின் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை நடுப்பகுதியில் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் ஆபத்தான ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஓகஸ்ட் 11ஆம் நாள் பிளாஸ்ரர் என்னும் புழு பரவத் தொடங்கியபோது, திருத்தத்தை நிறுவாமலும் தீச்சுவரை இயக்காமலும் இணையத்தில் இருந்த கணனிகள், எவரும் எதனையும் சொடுக்காமலேயே வீழ்ந்தன. 2004 ஓகஸ்டில் வெளிவந்த இரண்டாவது சேவைத் தொகுப்பே தீச்சுவரைத் தானாக இயங்கச் செய்தது.

அடுத்து 2007 ஜனவரியில் விஸ்ரா வந்தது. அதுவரை வீட்டுக் கணனிகளில் பெரும்பாலோர் நிர்வாகியாகவே உலாவினர். எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டும், முன்பின் அறியாதவர் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பும் அதே முழு அதிகாரத்துடன் ஓடின. விஸ்ரா இதனை மாற்றியது. நிர்வாகியே ஆனாலும் அவர் திறக்கும் மென்பொருள் சாதாரண உரிமையுடனேயே ஓடும். இயங்குதளத்தின் உட்பகுதியில் கைவைக்க முற்பட்டால் திரை மங்கும், அனுமதி கேட்கப்படும். உலகம் நகைத்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்த மெய்க்காவலர் ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதி கேட்பதாக அப்பிள் நிறுவனம் விளம்பரம் செய்தது. அணைப்பது எப்படி என்ற வழிகாட்டிகள் பெருகின. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் மைக்ரோசொஃப்ற் அலுவலர் ஒருவர், பாவனையாளரை எரிச்சலூட்டுவதே அதன் நோக்கம் என்று வெளிப்படையாகவே கூறினார். எரிச்சலடைந்த பாவனையாளர், தேவையின்றி நிர்வாகி உரிமை கோரும் மென்பொருள் நிறுவனங்களை நெருக்குவர் என்பதே கணக்கு. நிறுவனங்களோடு நடத்த வேண்டிய சண்டையைப் பாவனையாளரின் தலையில் கட்டிய செயல் இது!

நிறுவனத்தின் பக்கம் பிழை இல்லை என்று எவரும் வாதிட முடியாது. புலி வருது, புலி வருது என்று நாள் முழுதும் கூவினால், உண்மையாகவே புலி வரும் நாளில் ஊர் திரும்பிப் பார்க்காது. 2009இல் விண்டோஸ் 7 அறிவிப்புகளைக் குறைத்து, நான்கு படிகளில் அளவைத் தெரிவுசெய்யும் வசதியையும் அளித்தது. அதன் பின்னரும் அதனை ஒரே இழுப்பில் அடிமட்டத்துக்கு இறக்குவோர் எதனைச் சொல்லி நியாயம் தேடுவர்?

திருத்தங்களை நாளைக்கு என்று தள்ளிப்போடும் வழக்கமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். 2017 மார்ச் 14இல் வெளியான திருத்தத்தை இரண்டு மாதங்களாக நிறுவாதிருந்த கணனிகளை மே 12இல் வன்னாகிறை தாக்கியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 6,912 மருத்துவச் சந்திப்புகள் இரத்துச் செய்யப்பட்டதாகப் பதிவாகியது. எம்மவர் பலர் பணிபுரியும், எம் முதியோர் சிகிச்சை பெறும் சேவை அது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். கணனி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று அச்சுறுத்தி, முதியவரின் கையாலேயே "ஆம்" என்பதைச் சொடுக்க வைத்து, வங்கிக் கணக்கைத் துடைத்துச் செல்லும் கூட்டத்தை அறியாதவர் இல்லை. அந்த முதியவர் சாதாரணக் கணக்கில் இருந்தால், வெறும் "ஆம்" போதாது. நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். இது முழுமையான தடையன்று. திரையைத் தொலைவிலிருந்து காட்டும் சில செயலிகள் நிர்வாகி அனுமதியின்றியும் ஓடக்கூடியவை. ஆனாலும் அந்தக் கடவுச்சொல் மகளிடமோ மகனிடமோ இருந்தால், திருடன் எதிர்பாராத ஒரு தொலைபேசி அழைப்பு அங்கே நிகழ்கின்றது.

மொழியின் நிலையோ இன்னும் வேதனைக்குரியது. பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ நோர்வே மொழியிலோ எழும் எச்சரிக்கையை வாசித்து விளங்காத தாய், பெட்டி மறைய வேண்டும் என்பதற்காகவே "ஆம்" என்கின்றார். அவரை அறியாமை என்று பழிப்பது எளிது. விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு உண்டு. எல்லாச் சொற்களும் அதில் தமிழாகவில்லை என்பது மெய்யே. ஆயினும் அதனைப் பெற்றோருக்கு நிறுவிக் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்? தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோருக்குத் தமிழ்த் திரை ஒன்றைக் கொடுப்பது அத்தனை கடினமா?

நம் தமிழ் மென்பொருளாக்குவோரிடமும் ஒரு சொல். தன்னார்வலர் ஆக்கும் சிறு கருவிகள் பரவலாக இறக்கப்படாதவை, பல வேளைகளில் எண்ணிமக் கையொப்பமும் இல்லாதவை. எனவே விண்டோஸின் வடிகட்டி அவற்றை ஐயத்துடன் தடுக்கின்றது. உடனே "எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள்" என்று நிறுவல் குறிப்பில் எழுதிவிடுகின்றனர். ஒரு விசைப்பலகைக்காகக் கற்றுக்கொடுத்த அப்பழக்கத்தை, நாளை வேறொருவன் அறுவடை செய்வான்.

சாதாரணக் கணக்கில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் எம்மை அழைப்பார்களே என்று இளையோர் முறையிடலாம். அழைக்கட்டும். புதிய மென்பொருள் நிறுவும் நாள்கள் ஓர் ஆண்டில் எத்தனை வந்துவிடும்? அந்தச் சில அழைப்புகளில், திரையில் எழுந்த பெட்டியில் என்ன எழுதியிருக்கின்றது என்று அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பின்னர் கடவுச்சொல்லைத் தாமே வந்து இடட்டும்.