கூலிக்கு யார் பொறுப்பு?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒரே தொழிற்சாலைக்குள் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் கம்பெனி ஆள். மற்றவர் காண்டிராக்ட் ஆள்.

காண்டிராக்டர் கூலி தராமல் போனால்? "எங்களுக்குத் தெரியாது" என்று கம்பெனி கையை விரிக்க முடியாது. கம்பெனியே கூலியைக் கொடுத்துவிட்டு, பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது 1970-ம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது.

காகிதத்தில் பெயரை மாற்றியும் தப்ப முடியாது. இடையில் காண்டிராக்டர் இருந்தாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்று, கோழிக்கோடு கயிறு தொழிற்சாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் தீர்ப்பளித்தது.

காண்டிராக்டர் பில்லில் நூற்றுக்கு 1 அல்லது 2 ரூபாய் வருமான வரி பிடிக்கக் கம்பெனிகள் மறப்பதில்லை. கூலி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மட்டும் மறக்கலாமா? தொழிலாளியின் பாங்குக் கணக்கில் கூலி ஏறிய பிறகே அடுத்த பில்லுக்குப் பணம் தரட்டும்!