விளையாட்டுப் பெட்டியும் தோழமையும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

"அரசுப் பொதுத் தேர்வை எதிரே வைத்துக்கொண்டு விளையாட்டுப் பெட்டியைப் பற்றியா கட்டுரை?" என்று என் தமிழாசிரியை கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிறிது யோசித்து, "சரி, எழுது. ஆனால் தெரிந்ததை எழுது" என்றும் சொன்னார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததையும் எனக்கு நேர்ந்ததையும் எழுத முற்படுகிறேன். நன்மைகள் இவை, தீமைகள் இவை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி, 'அளவோடு பயன்படுத்துவோம்' என்று முடிக்கும் கட்டுரை நம் ஆண்டு மலரில் ஆண்டுதோறும் ஒன்றாவது வருகிறது. இது அப்படிப்பட்டதன்று. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்களும் கூடி விளையாடும் இடத்தில் ஒரு பெண்பிள்ளைக்குத் தொல்லை நேர்ந்தால், அந்தப் பெண்பிள்ளையை வெளியே அனுப்புவது பாதுகாப்பு ஆகாது.

பெட்டி என்று நான் குறிப்பிடுவது, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியை. ஜப்பானைச் சேர்ந்த சோனியும் நின்டெண்டோவும், அமெரிக்காவைச் சேர்ந்த மைக்ரோசாஃப்டும் இத்தொழிலில் போட்டியிடும் மூன்று பெரிய கம்பெனிகள். முன்பெல்லாம் இருவர் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் இருவரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். இப்போது இணையத்தின் வழியாக எந்த ஊரிலிருப்பவரோடும் விளையாடலாம். நண்பர் பட்டியல் ஒன்று திரையில் இருக்கும். அதில் யார் இப்போது விழித்திருக்கிறார்கள், எதை விளையாடுகிறார்கள் என்று தெரியும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் பேசவும் செய்யலாம்.

இனி எனக்கு நேர்ந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி உண்டு. எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே தேவையில்லை. அப்பா அதை என் தம்பியின் பெயரில் பதிவு செய்திருந்தார். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் தம்பி வெளியே போயிருந்தபோது நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடினேன். என் அணியில் மூன்று பேர் இருந்தார்கள், எவரென்று தெரியாது. நான் வாய் திறக்கும் வரை ஒழுங்காகவே ஆடினார்கள். "இடப் பக்கம் வருகிறார்கள், கவனம்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அவ்வளவுதான்! "பெண் குரல்!" என்றான் ஒருவன். அதற்குப் பின் அவர்கள் பேசியதை அருட்சகோதரிகளும் பெற்றோரும் படிக்கும் இம்மலரில் எழுத முடியாது. கை நடுங்க ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. மிகவும் வருந்தினார். வருந்திவிட்டு, "இனி நீ அதைத் தொட வேண்டாம், அம்மா" என்றார். மறுநாள் மாலை என் தம்பி வழக்கம் போல உட்கார்ந்து விளையாடினான். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். கெட்ட வார்த்தை பேசியவனும் தன் ஊரில், தன் வீட்டில், வழக்கம் போல விளையாடியிருப்பான். ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டவள் நான் ஒருத்தி மட்டுமே.

எண்ணிப் பாருங்கள் தோழியரே! இது நியாயமா?

இந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை. ஆகவே இப்படிப் பேசும் வசதியை யார் ஏற்படுத்தினார்கள், என்ன காவல் வைத்தார்கள் என்று தேடிப் படித்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையான கதை அது.

2002 நவம்பர் 15 அன்று மைக்ரோசாஃப்ட் கம்பெனி 'எக்ஸ்பாக்ஸ் லைவ்' என்னும் சேவையைத் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு பெயர். எந்த விளையாட்டுக்குப் போனாலும் அதே பெயர், அதே நண்பர் பட்டியல். சந்தா கட்டிச் சேர்பவர்களுக்கு விற்ற தொடக்கத் தொகுப்பிலேயே பேசுவதற்கான ஹெட்செட்டும் இருந்தது. இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. அந்நாளைய சில விளையாட்டுகளில், பேசுபவரின் குரலை வேறு குரலாக மாற்றிக் கேட்கச் செய்யும் ஏற்பாடும் இருந்ததாம்! வேடிக்கைக்காக வைத்தார்களோ, வேறு காரணமோ, என்னைப் போன்ற ஒருத்தி அதற்குள் ஒளிந்து கொண்டிருப்பாள் என்பது மட்டும் உறுதி.

சோனியோ தன் பிளேஸ்டேஷன் 2-இல் இந்த வேலையை அந்தந்த விளையாட்டைத் தயாரிப்பவர்களிடமே விட்டுவிட்டது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான சேவையைத் தொடங்கியது. அப்போது கூடி விளையாடக் கட்டணமில்லை. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குக் கட்டணம் வந்தது. நின்டெண்டோவும் 2018-இல் வாங்கத் தொடங்கியது. தோழியோடு விளையாடுவதற்குப் பணம் கட்டுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. ஆனால் அது இன்றைய வழக்கன்று, விட்டுவிடுகிறேன்.

நின்டெண்டோவின் வழி தனி வழி. 2005 முதல் அதன் கையடக்கக் கருவியிலும், பின்னர் வீ என்னும் பெட்டியிலும் நண்பராவதற்கு 12 இலக்க எண் ஒன்று வேண்டும். அதுவும் விளையாட்டுக்கு விளையாட்டு வேறு வேறு எண். நான் உன் எண்ணைப் பதிய வேண்டும், நீ என் எண்ணைப் பதிய வேண்டும். ஒருவர் மறந்தாலும் நட்பு கைகூடாது. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எண்களை எழுதி வைத்துக்கொண்டார்களாம். உலகமே இதைக் கேலி செய்தது. முதலில் படித்தபோது நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. நேரில் தெரிந்தவளிடம்தானே எண்ணைக் கேட்டு வாங்க முடியும்? அந்தக் கம்பெனி முட்டாள்தனமாகச் செய்யவில்லை.

எனினும் பூட்டு ஒன்றே போதுமா? அதே நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவியில், கையால் கிறுக்கியும் படம் வரைந்தும் கடிதம் அனுப்பும் அழகான வசதி ஒன்று இருந்தது. சில சிறுவர் சிறுமியர் தங்கள் எண்ணை இணையத்தில் பகிரங்கமாக எழுதி வைத்தார்கள். அந்நியர் சிலர் அதைப் பயன்படுத்தித் தகாதவற்றை அனுப்பத் தொடங்கினர். 2013 அக்டோபர் 31 அன்று இணையத்தின் வழி அனுப்பும் வசதியையே கம்பெனி நிறுத்திவிட்டது. தவறு செய்தவர்கள் சிலர். கடிதம் எழுதும் மகிழ்ச்சியை இழந்தவர்கள் எல்லாப் பிள்ளைகளும். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவேதான்.

அடுத்து வருவதைப் பெற்றோர்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். ஒரு கம்பெனியின் பெட்டி வைத்திருப்பவர் மற்றொரு கம்பெனியின் பெட்டி வைத்திருப்பவரோடு விளையாட நீண்ட காலம் வழியில்லை. 2017-இல் மைக்ரோசாஃப்டும் நின்டெண்டோவும் 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் இந்தச் சுவரைத் திறக்க முன்வந்தன. சோனி மறுத்தது. மைன்கிராஃப்ட் ஆடுவோர் பெரும்பாலும் இளையவர்கள், எங்கள் சேவைக்குள் இருக்கும் பிள்ளைகளைக் காப்பது எங்கள் பொறுப்பு என்ற பொருளில் அதன் உயர் அலுவலர் ஒருவர் காரணம் கூறினார். கேட்பதற்கு நல்ல காரணம். 2018 செப்டம்பரில், மக்கள் எதிர்ப்புக்குப் பின் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்கு மட்டும் சோனி கதவைத் திறந்தது. மைன்கிராஃப்டுக்கு 2019 டிசம்பரில் திறந்தது. 2021-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில், ஃபோர்ட்நைட்டைத் தயாரித்த எபிக் கம்பெனிக்கும் ஆப்பிள் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் பழைய கடிதங்கள் வெளிவந்தன. கதவைத் திறந்தால் வருமானம் மற்றப் பெட்டிகளின் பக்கம் போய்விடுமோ என்ற கவலையும், அப்படிப் போனால் விளையாட்டைத் தயாரிப்பவர் சோனிக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அவற்றில் இருந்தன.

பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் வயதுப் பெண்கள் நாள்தோறும் கேட்கிறோம். பெரும்பாலும் அது அன்பினால் சொல்லப்படுவது என்பதை நான் அறிவேன். ஆனால் இந்த வழக்கைப் படித்த பின், அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் 'யாருடைய பாதுகாப்பு?' என்று ஒரு முறை மனத்திற்குள் கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

சுவரை உடைத்தவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே எபிக் கம்பெனி, பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்தது என்றும், சிறுவர்களுக்கும் பேச்சு வசதி தானாகவே இயங்கும்படி வைத்து அந்நியரோடு சேர்த்துவிட்டது என்றும் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் இதற்காக 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட எபிக் சம்மதித்தது. அதை நிறுத்தி வைத்திருப்பதற்கு ஒரு பொத்தான் போதுமே! தொடக்கத்தில் 'இல்லை' என்று இருந்து, வேண்டுபவர் மட்டும் 'ஆம்' என்று மாற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்!

இதைப் பற்றிச் சிந்திக்கும்போது எனக்கு நம் விடுதி வாயில்தான் நினைவுக்கு வருகிறது. ஞாயிறுதோறும் பார்வையாளர் வருவார்கள். வாயிலருகே நாற்காலியில் இருக்கும் சிஸ்டருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தாய் தந்தையும் தெரியும், மாமா என்று சொல்லிக்கொண்டு புதிதாக வந்தவரைப் பெயர் கேட்டு, பிள்ளையை அழைத்து, "இவர் உனக்கு யாரம்மா?" என்று கேட்ட பிறகே உள்ளே விடுவார்கள். அந்நியன் ஒருவன் வந்துவிட்டான் என்பதற்காக விடுதிப் பிள்ளைகளுக்குப் பார்வையாளரே கூடாது என்று சிஸ்டர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பெட்டிகளிலும் இப்போது அத்தகைய காவல் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல், தகாத பேச்சின் ஒலிப்பதிவையே புகாரோடு அனுப்பலாம். எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் கடைசி 60 வினாடி விளையாட்டைக் குரலோடு பதிந்து புகார் செய்யலாம். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று எவரும் தப்ப முடியாது. 2025 ஜூனில் நின்டெண்டோ வெளியிட்ட ஸ்விட்ச் 2-இல் குரலோடு முகமும் பார்த்துப் பேசும் வசதி உண்டு. 16 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் அனுமதி பெற்ற பின்பே அதைப் பயன்படுத்த முடியும். எனக்கு வயது 15. மனக்குறை இல்லாமலில்லை. ஆயினும் இதை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் இந்த விதி என் தம்பிக்கும் உண்டு.

"முகம் தெரியாதவர்களோடு என்ன நட்பு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். 2010 ஏப்ரல் 15 அன்று பழைய எக்ஸ்பாக்ஸுக்கான சேவையை மைக்ரோசாஃப்ட் மூடியது. ஆனால் ஏற்கெனவே இணைப்பில் இருப்பவர்களை அது துண்டிக்கவில்லை. 'ஹாலோ 2' ஆடிக்கொண்டிருந்த சிலர் பெட்டியை அணைத்தால் மீண்டும் உள்ளே வர முடியாது என்பதால் அணைக்கவே இல்லை. நாட்கணக்கில் இரவும் பகலும் ஓடவிட்டார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சூடேறி நின்றன. மே மாதத்தில்தான் கடைசி ஆள் வெளியேறினார். பள்ளி இறுதி நாளில் வகுப்பறையை விட்டு எழ மனமில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்போமே, அதைப் போன்றதுதான் இது. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு அக்காமார்கள் அப்படி உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்ற பயம். அப்பா இரண்டு முறை படித்தார். கடைசியில் பெட்டி தம்பியின் அறையிலிருந்து கூடத்திற்கு வந்தது. என் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே பேச முடியும் என்று அமைத்தோம். தம்பிக்கும் அப்படியே என்றதும் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தேர்வு முடியும் வரை சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம்தான் என்றார் அம்மா. அதை எதிர்த்து நான் தாள் எதுவும் கொடுக்கவில்லை.

என் பட்டியலில் இப்போது ஒரே பெயர்தான் இருக்கிறது. கோவையிலிருக்கும் என் சித்தி மகள். அவள் வீட்டுப் பெட்டி வேறு கம்பெனியுடையது. நல்ல வேளையாக, இரண்டு பெட்டியும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு ஒன்று எங்கள் இருவரிடமும் இருந்தது. முதல் சனிக்கிழமை அவள் குரல் கேட்டதும், பள்ளி மைதானத்தில் கத்துவதைப் போல, "இடப் பக்கம்! இடப் பக்கம் பாருடி!" என்று கத்திவிட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மெதுவாகப் பேசம்மா, தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது" என்றார்.